வெட்டுப்புள்ளிக்குப் பிறகு

(மாவனல்லையில் உயர்தர மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

தலைமை தாங்கும் அதிபர் அவர்களே, என்னோடு கேகாலை மாவட்டத்தில் உயிரியல் படிப்பித்த பழைய நண்பர்களே, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கமிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கும் பெற்றோரே, பிள்ளைகளே!

உயர்தரத்தில் மூன்றாவது ஷையும் எழுதி முடித்து, மருத்துவ பீடம் கிடைக்காமல், இப்போது ஒரு பார்மசியில் வேலை செய்யும் ஒரு மகள் ஒழுங்கமைப்பாளர்களுக்கு ஒரு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறார். "அமெரிக்காவில் ஒஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி என்று இருக்கிறதாம். புள்ளி குறைந்தவர்களையும், வயது போனவர்களையும் எடுப்பார்களாம். உண்மையா?" இந்தக் கேள்விக்காகவே இன்றைய கூட்டம் என்று சொன்னார்கள். பாதி உண்மை, மகள். மற்றப் பாதி என்ன என்று பார்க்கத்தான் எனக்கு இவ்வளவு நேரம் தந்திருக்கிறார்கள்.

முதலில் இந்த ஒஸ்டியோபதி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அன்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1828இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். தகப்பன் போதகர், வைத்தியமும் பார்த்தவர். மகன் தகப்பனோடு கூடவே திரிந்து வைத்தியம் பழகினார். 1864இல் மூளைக்காய்ச்சல் வந்து அவருடைய பிள்ளைகள் மூவர் இறந்தார்கள். அந்தக் காலத்து மருந்துகள் ஒன்றும் உதவவில்லை. பாதரசமும், இரத்தம் வடிப்பதும்தான் அன்றைக்குச் சிகிச்சை; உதவாததில் ஆச்சரியமில்லை. எலும்பும் தசையும் ஒழுங்காக இருந்தால் உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1874இல் அதை வெளிப்படையாக அறிவித்தார். 1892இல் மிசூரி மாநிலத்தின் கேர்க்ஸ்வில் என்ற சின்ன ஊரில் கல்லூரி தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களும் இருந்தார்கள். பெரிய பல்கலைக்கழகங்களின் வாசலில் நிற்க முடியாத பலருக்கு அந்தச் சின்ன ஊர் வாசல் கொடுத்தது.

ஸ்டில் சொன்ன எல்லாவற்றையும் இன்றைய விஞ்ஞானம் ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் கெட்டிக்காரர்கள். மருந்தியல், சத்திரசிகிச்சை, நுண்ணுயிரியல் எல்லாவற்றையும் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். கையால் உடம்பைத் தொட்டுச் செய்யும் சிகிச்சையையும் மேலதிகமாக ஏறத்தாழ 200 மணித்தியாலம் படிக்க வைத்தார்கள். படிப்பு முழு மருத்துவப் படிப்பாக மாறியது. அந்தஸ்து மட்டும் லேசில் வரவில்லை. கலிபோர்னியாவில் 1960களின் தொடக்கத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒஸ்டியோபதி மருத்துவர்கள் 65 டொலர் கட்டினால் தங்கள் டி.ஓ. பட்டத்தைக் கொடுத்துவிட்டு, மற்ற மருத்துவர்களுக்குரிய எம்.டி. பட்டம் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாற்றிக்கொண்டார்கள். அறிவும் கையும் அதே ஆளுடையவை, நேற்றுவரை இரண்டாந்தரம், 65 டொலருக்குப் பிறகு முதல்தரம்! அதோடு அந்த மாநிலத்தில் புதிய டி.ஓ.க்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பதையே நிறுத்தினார்கள். 1974இல் மாநில உச்ச நீதிமன்றம்தான் அதைத் திருத்தியது.

இன்றைக்கு அமெரிக்காவில் மருத்துவம் படிக்கும் நான்கு பேரில் ஒருவர் டி.ஓ. மாணவர். 2020இல் இரு பிரிவினரின் மேற்படிப்புப் பயிற்சி இடங்களும் ஒரே முறைக்குள் வந்தன. ஜனாதிபதி டிரம்பின் முதல் பதவிக்காலத்தில் அவருக்கு மருத்துவராக இருந்த ஷோன் கொன்லி டி.ஓ.; அடுத்து வந்த பைடனின் மருத்துவர் கெவின் ஓகொனரும் டி.ஓ.

இப்போது "குறைந்த புள்ளி" என்ற விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் நம்மைப் போல் பாடசாலை முடிந்ததும் மருத்துவ பீடத்துக்குப் போக முடியாது. முதலில் நான்கு வருடப் பட்டப்படிப்பு. அதன் புள்ளிச் சராசரியை 4க்குக் கணக்கிடுவார்கள். அண்மை வருடங்களில் எம்.டி. கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரி 3.7க்கு மேல். டி.ஓ. கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரி 3.6 அளவில். வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். அங்கே "குறைந்த புள்ளி" என்பது நாம் இங்கே நினைக்கும் குறைவு அல்ல. அதற்கு மேல் எம்கெட் என்ற நுழைவுப் பரீட்சை. 472இலிருந்து 528 வரை புள்ளி, நடுப்புள்ளி 500. எல்லாம் ஆங்கிலத்தில்.

அப்படியென்றால் ஏன் அந்தக் கல்லூரிகளுக்கு இப்படி ஒரு பேர்? இருபது வயதில் விளையாட்டுத்தனமாகப் படித்தோ, குடும்பத்துக்காக இரவு வேலை செய்தபடி படித்தோ புள்ளி விட்ட ஒருவர், முப்பது வயதில் திரும்பி வந்து உயிர் இரசாயனத்தையும் உடற்றொழிலியலையும் மறுபடி எடுத்துப் படித்து நல்ல புள்ளி வாங்கினால், அதைத் தனியாக எடுத்துப் பார்க்கும் பழக்கம் அங்கே இருக்கிறது. 2017 வரை இன்னும் தாராளமாக இருந்தார்கள். ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய புள்ளி கணக்கிலிருந்தே போய்விடும். அந்த வருடம் அதை நிறுத்தினார்கள். இப்போது பழையதும் புதியதும் இரண்டும் கணக்கில் சேரும். ஆனாலும் விண்ணப்பத்தில் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. அம்புலன்சில் வேலை செய்தீர்களா, வார்ட்டில் நோயாளியைத் தூக்கிப் புரட்டினீர்களா, ஒரு டி.ஓ. மருத்துவரோடு நின்று பார்த்தீர்களா, ஏன் இவ்வளவு காலம் கழித்து வருகிறீர்கள் என்று கேட்பார்கள். எழுத வேண்டும். நேர்முகத்தில் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் வேண்டும். பழைய புள்ளி அழியாது. அதற்குப் பிறகு நடந்ததும் அதே தாளில் பதியப்படுகிறது.

எனக்கு இந்த ஒரு விஷயம்தான் பெரிதாகப் படுகிறது. மற்றப்படி, மகள், நேரடியாகச் சொல்கிறேன். அந்தக் கல்லூரிகளில் பல வெளிநாட்டு மாணவரை எடுப்பதே இல்லை. எடுக்கும் கல்லூரிகளிலும் வருடக் கட்டணம் பத்தாயிரக்கணக்கான டொலர். அமெரிக்கப் பிள்ளைக்குக் கிடைக்கும் அரசாங்கக் கடன் நமக்குக் கிடையாது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே ஒஸ்டியோபதி படித்தவர் மருத்துவர் அல்ல. பிரித்தானியாவில் 1993இல் தனிச் சட்டமே வந்து, அவர்களுக்குத் தனிப் பதிவு இருக்கிறது. முதுகுவலி, கழுத்துவலிக்குக் கையால் சிகிச்சை செய்யும் தொழில் அது. மரியாதையான தொழில்தான். ஆனால் யாராவது உங்களிடம் "ஒஸ்டியோபதி டிப்ளோமா, வீட்டிலிருந்தே படிக்கலாம், டாக்டர் என்று பேருக்கு முன்னால் போடலாம்" என்று கையேடு நீட்டினால், கையேட்டை வாங்கி அடுப்புக்குள் போடுங்கள்.

சரி, நம் வாசலுக்கு வருவோம்.

நம் பிள்ளைகள் இசட் புள்ளி என்றால் கடவுள் எழுதியது போல் பயப்படுகிறார்கள். அது ஒரு கணக்கு, அவ்வளவுதான். உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியையும் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடத்துக்கும் அதைச் சராசரியாக்குகிறார்கள். 2001இலிருந்து இந்த முறை. எடுக்கும்போது 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு.

அந்தப் பின்தங்கிய மாவட்டங்கள் 16. நுவரெலியா, பதுளை, மொனராகலை, வடக்கு கிழக்கு மாவட்டங்கள் எல்லாம் இருக்கின்றன. இரத்தினபுரியும் இருக்கிறது. கேகாலை இல்லை. அவிசாவளையில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் எஹலியகொட, அது இரத்தினபுரி மாவட்டம். இன்னொரு பக்கம் தெஹியோவிட்ட, தெரணியகலை, அது கேகாலை. இரண்டு பக்கமும் அதே ரப்பர் மரம், அதே லயம், விஞ்ஞான ஆசிரியர் இல்லாத அதே தோட்டப் பாடசாலை. ஆனால் ஒரு பிள்ளைக்கு அந்த 5 வீதத்தில் பங்கு உண்டு, மற்றப் பிள்ளைக்கு இல்லை. கேகாலை நகரத்துப் பெரிய பாடசாலைகளின் பெறுபேறு மாவட்டத்தின் பெறுபேறாகிவிடுகிறது. தெரணியகலைப் பிள்ளை அதற்குள் கரைந்துபோகிறது. இங்கே தமிழில் விஞ்ஞானப் பிரிவு உயர்தரம் உள்ள பாடசாலைகளை விரல் விட்டு எண்ணலாம். மாவனல்லைப் பிள்ளைக்கு ஸாஹிராவும் பதுரியாவும் இருக்கின்றன, ஓரளவு அதிர்ஷ்டம். தோட்டத்துப் பிள்ளை கண்டிக்கோ ஹட்டனுக்கோ பெட்டி கட்ட வேண்டும்.

"குறைந்த புள்ளி" என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதற்கு நம் சரித்திரத்திலேயே பாடம் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது, மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 229 புள்ளி போதும், தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும் என்றார்கள். 230 எடுத்த தமிழ்ப் பிள்ளை கெட்டிக்காரனா மொக்கனா? அது அவன் எழுதிய மொழியைப் பொறுத்தது! 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. அதனால் யாழ்ப்பாணத்துக்கு அடி. மலையகத்துக்கும் மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் ஒரு சின்ன வாசல். இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது, ஆனாலும் இரண்டும் உண்மை.

தமிழ்நாட்டைப் பாருங்கள். 2020இல் அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 வீதம் தனியாக ஒதுக்கிச் சட்டம் செய்தார்கள். கூலித் தொழிலாளரின் பிள்ளைகள், ஆடு மேய்ப்பவரின் பிள்ளைகள் உள்ளே போனார்கள். நீட் என்ற நுழைவுப் பரீட்சை இருக்கிறது, தகுதிப் புள்ளியும் இருக்கிறது. யாரோடு யார் போட்டி போடுவது என்பதை மட்டும் மாற்றினார்கள். வயது விஷயத்திலும் இந்தியா நம்மை விட முன்னால் போய்விட்டது. அதே 2020இல் ஒடிசாவில் வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற 64 வயதுக்காரர் நீட் எழுதி, புர்லா அரசு மருத்துவக் கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்தார். 64 வயதில் ஒருவருக்கு அரசாங்கப் பணத்தில் மருத்துவம் படிப்பிப்பது சரியா என்று நீங்கள் கேட்டால், எனக்கும் சந்தேகம்தான். ஆனால் 28 வயதுத் தாதிக்கு?

நம் நாட்டில் உயர்தரம் மூன்று தடவை எழுதலாம். அதற்குப் பிறகு அரச மருத்துவ பீடத்தின் கதவு மூடப்படும். நீங்கள் அதன் பிறகு தாதியாகி, பத்து வருடம் தீவிரசிகிச்சைப் பிரிவில் இரவுகளைக் கழித்து, பயிற்சி டாக்டருக்கே ஊசி எங்கே போடுவது என்று காட்டிக்கொடுத்தாலும், உங்களுடைய அந்தப் பத்து வருடத்தை எழுத நம் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் கிடையாது.

மிச்சம் இருக்கும் வாசல்களை வேகமாகச் சொல்கிறேன். விரிவாகப் பிறகு தனித்தனியே கேளுங்கள். சித்த மருத்துவம், யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும். யூனானி, கொழும்பில். இரண்டும் உயிரியல் பிள்ளைகளுக்கான பட்டப்படிப்பு; வெட்டுப்புள்ளி மருத்துவ பீடத்தை விடக் குறைவு; 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு. பிடித்துப் படித்தால் நல்ல தொழில். ஆனால் "கொஞ்சக் காலத்தில் இங்கிலிஷ் வைத்தியத்துக்கு மாறிவிடலாம்" என்று நினைத்துப் போகாதீர்கள். டி.ஓ. அமெரிக்காவில் எம்.டி.க்குச் சமமானது, அவர்கள் ஒரே மருந்தியலையும் ஒரே சத்திரசிகிச்சையையும் படித்து, மூன்று கட்டப் பரீட்சை எழுதி நிரூபித்ததால். நம் நாட்டில் இரண்டும் இரண்டு சட்டம், இரண்டு பதிவேடு. இயன்மருத்துவம், ஆய்வுகூடத் தொழில்நுட்பம், மருந்தாளர், தாதியர் பட்டம் எல்லாம் இருக்கின்றன. பார்மசியில் நிற்கும் மகளுக்கு நான் முதலில் காட்டுவது மருந்தாளர் தகுதியைத்தான். தெரிந்த வேலை, சம்பளம் வரும், அந்தத் தகுதி வீணாகப் போகாது.

வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி என்றால் கவனம். 2018இல் மருத்துவக் கல்விக்கான குறைந்தபட்சத் தராதரங்கள் வர்த்தமானியில் வந்துவிட்டன. மூன்று எஸ் எடுத்த பிள்ளையை "ரஷ்யாவுக்கு அனுப்புகிறேன், வந்து டாக்டராகலாம்" என்று சொல்லும் முகவர் உங்கள் காசைத்தான் அனுப்புகிறார். உயர்தரப் பெறுபேறு அந்தத் தராதரத்துக்குப் போதுமா, அந்தப் பல்கலைக்கழகம் இலங்கை மருத்துவ சபை ஏற்றதா என்று சபையிடமே எழுத்தில் கேளுங்கள், முகவரிடம் அல்ல. படித்து வந்த பிறகு, இங்கே மருத்துவராகப் பதிவு பெற ஈ.ஆர்.பி.எம். பரீட்சை இருக்கிறது. அது கஷ்டம், கஷ்டமாகத்தான் இருக்கவும் வேண்டும். வயல் விற்று, நகை விற்று, ஆறு வருடம் கழித்து அந்தப் பரீட்சையில் வருடக்கணக்காக நிற்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

உள்நாட்டில் காசு கட்டிப் படிக்கும் வழியும் இரண்டு தடவை திறந்து மூடியது. றாகமையில் 1980களில் தனியார் மருத்துவக் கல்லூரி. போராட்டம் வந்தது, அரசு எடுத்தது, 1991இல் களனிப் பல்கலைக்கழகத்தின் பீடமாகியது. பிறகு மாலபேயில் சைட்டம் என்ற தனியார் கல்லூரி; 2017 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு, வீதியெல்லாம் ஆர்ப்பாட்டம், கடைசியில் மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள். இரண்டு முறையும் சண்டை காசைப் பற்றித்தான் நடந்தது. குறைந்த புள்ளியோடு வந்த காசில்லாத பிள்ளையைப் பற்றி இரு தரப்பிலும் யாரும் பேசவில்லை.

இங்கேதான் நான் வழக்கமாகச் சண்டைக்கு வருவேன். ஒஸ்டியோபதிக் கல்லூரிகளிடமிருந்து நாம் எடுக்க வேண்டியது அவர்களுடைய கை வைத்தியத்தை அல்ல, இரண்டாம் தடவை பார்க்கும் அந்தப் பழக்கத்தை. அவுஸ்திரேலியாவில் பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1996இலேயே ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கு நான்கு வருட மருத்துவப் படிப்புத் தொடங்கியது. லண்டன் சென்ட் ஜோர்ஜஸ் 2000இல் தொடங்கியது. நாமும் தொடங்கலாம். இரத்தினபுரியில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்துக்கு மருத்துவ பீடமே வந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் ஒரு சிறு பங்கு இடத்தைச் சேவையில் இருக்கும் தாதியருக்கும், மருந்தாளருக்கும், தோட்டத்து டிஸ்பென்சரிகளில் இருக்கும் மருத்துவ உதவியாளருக்கும் ஒதுக்கட்டும்.

தோட்ட டிஸ்பென்சரியை இங்கே பாதிப் பேருக்கு விளக்கத் தேவையில்லை. லயத்தில் எல்லோரும் அவரை டாக்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். எம்.பி.பி.எஸ். கிடையாது. அட்டை கடித்த புண்ணிலிருந்து நள்ளிரவுப் பிரசவ வலி வரை முதலில் பார்ப்பவர் அவர்தான். லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா, இருந்து பார்ப்பதா என்று முடிவு எடுப்பவரும் அவர்தான். நாம் ஒரு டாக்டரிடம் எதிர்பார்க்கும் தீர்மானத்தில் பாதியை இவர் தினமும் எடுக்கிறார், டாக்டராக வழி மட்டும் இல்லாமல்.

இதற்கு எதிராக இரண்டு பேச்சு வரும். தரம் குறையும் என்பது ஒன்று. வெளியே போகும் வாசலில் ஒரே பரீட்சை, ஒரே உள்ளகப் பயிற்சி இருந்தால் எப்படிக் குறையும்? உள்ளே வரும் வாசலை ஒடுக்கி வைத்திருப்பது மட்டும் தரம் ஆகாது.

இரண்டாவது பேச்சு எனக்கும் பயமான பேச்சு. அமெரிக்காவில் சிபாரிசுக் கடிதம், நேர்முகம், தன்னைப் பற்றிய கட்டுரை எல்லாம் கேட்கிறார்கள். நம் ஊரில் சிபாரிசுக் கடிதம் என்றால் யாருடைய கடிதம்? எம்.பி.யுடைய கடிதம். நேர்முகம் என்றால் யாருடைய மச்சான் உள்ளே இருக்கிறார் என்று பார்ப்பது. இசட் புள்ளியில் எவ்வளவு குறை சொன்னாலும் ஒரு பெரிய நல்ல குணம் அதற்கு உண்டு: எந்த அமைச்சர் தொலைபேசி எடுத்தாலும் அது மாறாது. தோட்டத்துக் குடும்பத்துக்குத் தெரிந்த அமைச்சர் கிடையாது. ஆகவே அந்தக் குருட்டுக் கணக்குத்தான் இவ்வளவு காலம் எங்களுக்குக் காவல். இரண்டாம் வாசலைக் கேட்கிறவர்கள் இந்தக் காவலை விட்டுக்கொடுத்துவிடக் கூடாது. எனவே எண்ணக்கூடியதை மட்டும் எண்ணட்டும். அரச பதிவில் உள்ள சேவை வருடங்கள். பெயர் மறைத்துத் திருத்தும் ஒரு நுழைவுப் பரீட்சை, மூன்று மொழியிலும். நேர்முகம் வேண்டாம், கடிதம் வேண்டாம். எடுபட்டவர் முடித்த பிறகு குறிப்பிட்ட வருடம் தோட்டப் பகுதியில் வேலை செய்ய ஒப்பந்தம். மீறினால் படிப்புச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். படிப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும் என்பதால் முதல் ஆறு மாதம் ஆங்கிலம். தமிழ்மொழிப் பிள்ளை முதலில் விழுவது அங்கேதான், உடற்கூற்றியலில் அல்ல.

கேகாலையை அந்த 5 வீதப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று தனியாகவும் கேட்க வேண்டும். அல்லது மாவட்டத்தை அளவாக எடுப்பதை விட்டு, கல்விக் கோட்டத்தை எடுக்கச் சொல்ல வேண்டும். மாவனல்லையும் தெரணியகலையும் ஒரே அளவுகோலில் அளக்கப்படுவதால் மாவனல்லைக்கு லாபம் என்று யாராவது நினைத்தால், போன வருடத்து மாவட்ட வெட்டுப்புள்ளியை எடுத்து நம் பிள்ளைகளின் பெறுபேற்றோடு வைத்துப் பாருங்கள்.

இனி உங்கள் கேள்விகள். முதலில் பின்வரிசையில் இருக்கும் தாய்மார் கேட்கட்டும். கடைசி பஸ் அவர்களுக்குத்தான்.